வேலை மாறுவதற்கான காரணம்

மேலாண்மைக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இப்போது செய்யும் வேலையை விட்டு ஏன் வேறு துறைக்குப் போக விரும்புகிறீர்கள், ஐந்நூறு சொற்களுக்குள் எழுதவும். அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. தகட்டை அடித்து வடிவமாக்கும் மெஷின்கள் ஓடுகிற பிரஸ் ஷாப்புக்குள் என்னால் நிற்க முடியவில்லை. அதை எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் எழுதவில்லை.

அதற்கு முந்தைய வருடம், ஒரு காலை ஷிப்டில் நான்காம் நம்பர் பிரஸ் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மெஷினின் வாய்க்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷினை உடனே நிறுத்திவிடும். அன்று கை போகாமலேயே நிறுத்தியது. மதியம் லாரி கிளம்ப வேண்டும். டீ பிரேக்கில் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டரைக் கூப்பிட்டு, "சாயங்காலம் பாத்துக்கலாம், இப்போதைக்கு சென்சாரை ஆஃப் பண்ணிடுங்க" என்றேன். அவர் மெஷினின் பின்பக்கம் போய் சென்சாரின் சாவியைத் திருப்பினார். ஆபரேட்டர் டீ குடித்துவிட்டு வந்தபோது மெஷின் தடையில்லாமல் ஓடியது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. சொன்னால் அப்படி ஓட்ட மாட்டேன் என்பார் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குள் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. தகடு கோணலாகச் சிக்கியிருந்ததை நேராக்கக் கையை விட்டிருக்கிறார். சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. எல்லா அடிக்கும் ஒரே சத்தம், அந்த அடிக்கும் அதே சத்தம். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய கலவரத்தில் ஃபிட்டர் சாவியை மறுபடி திருப்பி வைத்துவிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் சோதித்தபோது சென்சார் நன்றாக வேலை செய்தது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் ஃபிட்டர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குப் போகும். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், பூ கட்டும் பெண், தோசை திருப்பும் அம்மா. ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணி முடித்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன். வீட்டில் யாராவது கதவைப் படீரென்று சாத்தினால் உட்கார்ந்த இடத்திலேயே கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொள்வேன்.

சென்னையில் விண்ணப்பங்களைத் திருத்தித் தருகிற ஒருவரிடம் சேர்ந்தேன். வீடியோ அழைப்பில்தான் பேசுவார். "உங்க வாழ்க்கையில ஒரு தோல்வி, அதுலேர்ந்து நீங்க எழுந்த கதை, அப்படி ஒண்ணு வேணும்" என்றார். ஆலையில் ஒரு விபத்து நடந்தது என்று பாதியைச் சொன்னேன். மீதியை அவரே கட்டிவிட்டார். ஓர் ஆபரேட்டரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்னை உலுக்கியது; நான் முன்னின்று பாதுகாப்புப் பயிற்சி நடத்தினேன்; இனி ஆலோசகராகி இந்தியத் தொழிற்சாலைகளை மாற்றி அமைப்பதே என் இலக்கு. ஆலோசகர் வேலை என்றால் என்னவென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அனுப்பினேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

நேர்காணலுக்குப் பழகும்போது கட்டுரையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி முன் நின்று ஆரம்பித்தேன். 'கவனக்குறைவு' வரைக்கும் வருவேன், அதோடு நிறுத்திவிடுவேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் மறுபடி அதே இடம். நாலைந்து நாள் இப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி, பொன்னேரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆபரேட்டரின் வீட்டுக்குப் போனேன்.

என்ன நினைத்துப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். நடந்தது அவருக்குத் தெரியும், வேலைக்குப் பயந்து பேசாமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டால் இருவருக்கும் பாரம் குறையும் என்று ஒரு கணக்கு.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு ஆலையில் அவரைக் கேட் காவலில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிற வண்டி நம்பரை இடது கையால் எழுதுவார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இன்னா மேடம், ஊடு தேடி வந்துக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் கட்டில் ஓரத்தில் புத்தகத்தோடு இருந்தாள்.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி போய்ட்ச்சு மேடம். ஆனா ஒரு விஷயம்தான் பேஜாரா கீது. இருவது வருஷமா பிரஸ்ல கீறேன். கை உள்ள போனா மெஷின் நிக்கும். எத்தினியோ வாட்டி நின்னுகீது. அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு நிக்கல? அதையே யோசிச்சினு கீறேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

மகள் தலை நிமிராமல், "நீ பாத்து கைய வெச்சிருக்கணும்பா" என்றாள்.

"பாத்தீங்களா, இதுவும் அதையேதான் சொல்லுது" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவருக்குத் தெரியாது. ஒரு வருடமாக அந்த மனிதர் தன் கையையே குற்றவாளியாக வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் கீழே வைத்தேன். "அண்ணா, சென்சார் ஆஃப்ல இருந்துச்சு. நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். உங்க கிட்ட சொல்லாம விட்டதும் நான்தான்" என்றேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் கேட்டார். "அப்போ கவனக்குறைவுன்னு எழுதனப்ப நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேங்கா. கையெழுத்தும் போட்டேன்."

"எழுந்து போம்மா."

அவர் கணவர் என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்தேன்.

மறுநாள் ஆலை மேலாளருக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். "இன்னாம்மா, ஒரு வருஷம் கழிச்சு ஏன் இத கிளப்பினு கீற?" என்றார். பிறகு மறுவிசாரணை நடந்தது. இன்சார்ஜ் பதவியிலிருந்து என்னை இறக்கி ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள். கல்லூரிக்கும் எழுதினேன், என் கட்டுரையில் அந்த விபத்தைப் பற்றிச் சொன்னது உண்மையில்லை என்று. அழைப்பை ரத்து செய்வதாக இரண்டு வரியில் பதில் வந்தது. திருத்தித் தந்தவர் ஒரு வாரம் என்னைத் திட்டிவிட்டுப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருடம் வேறொரு கல்லூரிக்கு நானே எழுதினேன்: சென்சாரை ஆஃப் செய்யச் சொன்னது நான், அதில் ஒருவருடைய விரல்கள் போயின. லாரி மதியம் கிளம்பியாக வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்று அன்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. அந்த முடிவுகள் எடுக்கப்படும் அறையில் வேலை செய்யப் படிக்க விரும்புகிறேன். பத்து வருடம் கழித்து என்ன பதவியில் இருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிரஸ் ஷாப்பில் நிற்கப் பயப்படுகிறேன், அதுவும் ஒரு காரணம். இவ்வளவுதான். முந்நூறு சொற்கள்கூட வரவில்லை.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார், "மறுபடியும் அதே நெருக்கடி வந்தா அதே ஆர்டர் கொடுப்பீங்களா?"

"மாட்டேன்னு சொல்லத்தான் ஆசை மேடம். ஆனா அன்னிக்குக் காலையில இதே கேள்விய கேட்டிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். முதலில் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள், கடைசியில் இடம் கிடைத்தது.

மறுவிசாரணை முடிந்ததுமே, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்பதை நீக்கித் திருத்திய அறிக்கையின் பிரதி ஒன்றை அந்த ஆபரேட்டரின் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். மகள்தான் கதவைத் திறந்தாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தாளோடு உள்ளே போய்விட்டாள். "அப்பா, இங்க வா" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. அவர் வருவதற்குள் நான் தெருமுனைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் கல்லூரி விடுமுறையில் பொன்னேரி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். ரயில் வந்தது. என் முன்னால் நின்ற பெட்டியின் கதவுவரை வந்தவர், சற்று நின்று, அடுத்த பெட்டிக்கு நடந்து போய் ஏறிக்கொண்டார்.