செல் ஒன்று, படம் மூன்று

சான் டியேகோவில் டெல்ஃபினா அரியோலாவின் வேலையைப் பற்றி அவள் கணவன் ரமீரோ யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. "மூளைக்குப் பேர் வைக்கிறா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான். பேர் வைப்பதல்ல, பேர்களைச் சேர்ப்பது. மூளை ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொரு இணையதளத்தில் கொட்டி வைத்திருப்பவற்றில் ஒரே பொருள் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்த்து, எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஓர் அடையாள எண் கொடுப்பாள். முன்பு பக்கத்து ஊரான சூலா விஸ்டாவில் நூலகராக இருந்தவள். புத்தகம் என்றால் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிடலாம். இங்கே அது முடியாது.

ஒரு வசந்தத்தில், ஓர் எலியின் ஒரே நரம்பு செல்லை நுண்ணோக்கியில் பார்த்துக் கையால் வரைந்த படங்கள் மூன்று தளங்களில் இருப்பதைக் கண்டாள். அதே எலி, மூளையின் அதே துண்டு. மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாள். அதன்பின் தேடுகிறவர்களுக்கு மூன்றில் ஒரு படம்தான் வந்தது.

அடுத்த வாரம் ரூத்தான் பிக்கரிங் அவள் அறைக்கே வந்துவிட்டாள். எழுபதைத் தாண்டிய விஞ்ஞானி. கையில் மீன் வைத்து மடித்த டாக்கோ ரொட்டி, பாதி தின்றது.

"ஏம்மா, என் படத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒளிக்கல டாக்டர். மூணும் ஒரே செல்தானே, சேர்த்துட்டேன்."

"சேர்த்தியா? எங்கூட வேலை பாத்த ஹோவர்ட் வரைஞ்சதோடயா? அவனுக்குப் பொறுமையே கிடையாது, செல்லோட கிளைல பாதிய வரையாம விட்டுட்டான். இப்போ எங்க பாத்தாலும் அவன் படம்தான் வருது!"

"செல் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அப்போ எண்ணும் ஒண்ணுதானே?"

"அதெப்படி? படம் வேறயாச்சே!"

டெல்ஃபினா திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எதற்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தாள்? செல்லுக்கா, படத்துக்கா? தலைவர் வெண்டலைக் கூப்பிட்டாள்.

"செல்லுக்குத் தனி, படத்துக்குத் தனியா குடுத்துடேன்," என்றார் அவர் சுலபமாக.

"பழைய எண்ண எல்லாத் தளத்துலயும் எடுத்துப் போட்டுட்டாங்களே?"

வெண்டல் கழுத்தைச் சொறிந்துகொண்டார். கடைசியில் பழைய எண் செல்லுக்கே இருக்கட்டும், ஒவ்வொரு படத்துக்கும் புது எண் கொடுத்து அதனோடு இணைத்துவிடலாம் என்று முடிவானது. ரூத்தானின் படத்துக்கு ஒன்று, ஹோவர்டின் படத்துக்கு ஒன்று. மூன்றாவதைத் திறந்ததும் ரூத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இது யார் வரைஞ்சது? இது அந்த செல்தானான்னே எனக்குத் தெரியலையே."

"அதே துண்டுன்னு போட்டிருக்கே டாக்டர்."

"அந்தத் துண்டுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செல்லுக்குச் சாயம் ஏறியிருந்துச்சும்மா. இது நாங்க வரைஞ்ச செல்லா, பக்கத்துச் செல்லான்னு கேட்டா... சத்தியமா தெரியல."

சேர்த்தால் பொய்யாகலாம், பிரித்தாலும் பொய்யாகலாம். யோசித்து யோசித்து, மூன்றாவது படத்தை எந்தச் செல்லோடும் இணைக்காமல், எலியோடும் துண்டோடும் மட்டும் இணைத்தாள் டெல்ஃபினா. ரூத்தான் தலையாட்டினாள், சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது ரமீரோ கேட்டான்: "அப்புறம், சேர்த்தியா பிரிச்சியா?"

"ரெண்டும் செஞ்சேன்," என்றாள். சிரிப்பு வரவில்லை. முன்பு கண்ணை மூடிக்கொண்டு சேர்த்த மற்ற செல்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. மறுநாள் காலை அவற்றில் ஒன்றைத் திறந்து, சரியா தப்பா என்று புரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.