தோற்கிற அணிக்கு இரண்டு ரசிகர்கள்

இந்த வருடம் என் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நான் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அமெரிக்காவில் ராத்திரி ஆடுகிற கூடைப்பந்து நமக்குக் காலையில் வரும். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்திருந்த முறையும் காலை முறை. அதனால் இரண்டையும் ஒரே கட்டிலில் படுத்தபடி முடித்துவிட முடிந்தது.

வீடு திண்டிவனம். அங்கே மெஷினில் இடம் காலியாகவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடிவதற்கு முன்பே கணவர் என்னை ஸ்கூட்டரில் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். அப்படியே போய் எங்கள் ஜெராக்ஸ் கடையைப் பெருக்கித் திறப்பார். நான் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நிற்கும்போது போனைத் திறந்து ஆட்டம் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் தொடங்கியிருக்கும். பெரும்பாலும் நாங்கள் பின்தங்கியிருப்போம்.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவ்வளவாகத் திருப்தி தராது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தபோது கூடைப்பந்து ஆடினேன். குட்டையாக இருப்பேன். பந்தைத் தட்டிக்கொண்டு போய் நெட்டையான பெண்களிடம் கொடுப்பதுதான் என் வேலை. கல்லூரிக்குப் போன காலத்தில் வீட்டுக்குக் கேபிள் வந்தது. ஒருநாள் காலையில் சேனல் மாற்றியபோது, எங்கள் பள்ளிச் சீருடை நிறத்தில், அதே அரக்குச் சிவப்பில், ஒரு அணி ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துப்போனது. அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது. கல்யாணம், பிள்ளை, கடை என்று நடுவில் பல வருடம் விட்டுப்போனது. போன் வந்த பிறகு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவர்கள் கோப்பை எதுவும் வாங்கியதில்லை.

டயாலிசிஸ் அறையில் இடது கையை அசைக்கக் கூடாது. இரண்டு ஊசிகளும் அதில்தான் இருக்கும். வலது கையால் போனைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டிலில் வளவனூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு விவசாயி. என்னைவிடச் சில வயது மூத்தவர். கரும்பு, நெல், கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்று சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். பல வாரங்கள் நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் போனைப் பார்ப்பேன். ஒருநாள் என் இயர்போன் ஒயர் அறுந்துபோனது. நர்ஸிடம் கேட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பினார்.

“இன்னாம்மா அது? இங்கிலீசுல கத்திக்கினே இருக்கான்.”

கூடைப்பந்து என்றேன். எந்த ஊர் என்றார். அமெரிக்கா என்றேன். நம்ம ஆள் யாராவது ஆடுகிறானா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

“அப்புறம் எதுக்கு நீ பாக்குற?”

பள்ளிக்கூடத்து நிறம் என்று சொன்னேன். அதை அவர் ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டார். நான் டப்பாவை நகர்த்தி, போனை அவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன்.

அவர் விதிகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொண்டார். எங்கள் அணியின் மூத்த ஆட்டக்காரர் அவர். மற்றவர்களுக்கு நடுவில் குட்டை. மொட்டைத் தலை. முழங்காலில் எப்போதும் ஒரு கறுப்புப் பட்டை. ஆடத் தொடங்கிய நாளிலிருந்து வேறு எந்த அணிக்கும் போனதில்லை. என் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த காலத்திலிருந்து அவரைப் பார்க்கிறேன். கீழே விழுந்தால் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் எழுந்திருக்கிறார்.

“இந்தாளுக்குக் கூடையில போடத் தெரியாதா? எடுத்தும்போயி எடுத்தும்போயி அடுத்தவனுக்கே குடுக்குறான்” என்று வளவனூர்க்காரர் ஒருநாள் கேட்டார்.

“தெரியும்ணே. நல்ல எடத்துல யாராச்சும் நின்னா அவங்களுக்குக் குடுத்துடுவாரு.”

அதற்குப் பிறகு மொட்டைத் தலைக்காரர் அவருடைய ஆளாகிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் நாங்கள் பார்த்த ஆட்டங்கள் எல்லாம் எனக்கு இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒன்றில் முக்கால் ஆட்டம்வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். கடைசிப் பகுதியில் கைகளை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஆடினார்கள். இன்னொன்று சமநிலையாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. சரியாக அந்த நேரம் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நர்ஸ் ஓடி வந்து காலை நீவிவிட்டார். வலி அடங்கித் திரும்பிப் பார்த்தால், எதிரணிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு காலை, மொட்டைத் தலைக்காரர் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அதுகூட வரவில்லை. தோல்வி பழகிப்போனால் வருத்தம் வருவதில்லை, உடம்பு மட்டும் கனமாகிறது.

பொங்கலுக்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்களுடைய நல்ல உயரமான ஆட்டக்காரருக்குக் கணுக்காலில் லேசான வலி என்று உட்கார வைத்தார்கள். வலி போன பிறகும் அவர் வரவில்லை. அடுத்து இன்னொருவருக்கு முதுகு. ஆடியதெல்லாம் கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த பையன்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இடங்களில் வருகிற அணிகளுக்குத்தான் அடுத்த வருடம் புதிதாக வருகிற நல்ல ஆட்டக்காரனை முதலில் தேர்ந்தெடுக்க அதிக வாய்ப்பு. அதனால் சில அணிகள் இந்த வருடம் போனால் போகட்டும் என்று விட்டுவிடும். யாரும் வெளியே சொல்வதில்லை. பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இதை வளவனூர்க்காரருக்கு விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

“அப்ப இதுங்க தோக்கத்தான் ஆடுதுங்களா?”

“பசங்க ஜெயிக்கத்தான் ஆடுறாங்கண்ணே. மேல இருக்கிறவங்கதான்.”

“அது தெரிஞ்சும் காலங்காத்தால எழுந்து இத்தப் பாத்துக்கினு கெடக்குற.”

அவர் திட்டவில்லை. எனக்காகச் சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, டோல்கேட்டில் பஸ் நின்றபோது போனைத் திறந்தேன். மொட்டைத் தலைக்காரரை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பதிலுக்கு ஒரு இளம் ஆட்டக்காரனும், எதிர்காலத்தில் ஆள் எடுக்க ஒரு வாய்ப்பும். நான் அதை இரண்டு தடவை படித்தேன். பஸ் நகர்ந்தது. முண்டியம்பாக்கம் வரும்வரை எதையும் பார்த்த நினைவில்லை. அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊசி குத்தி முடிந்ததும் வளவனூர்க்காரரிடம் சொன்னேன். அவர் உடனே கேட்டது, அந்த ஆளிடம் கேட்டார்களா என்று.

“கேக்க மாட்டாங்கண்ணே. அங்க அப்படித்தான்.”

“மாட்ட விக்கிறதுன்னாகூட வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் விக்கிறோம்” என்றார். பிறகு, “சரி, அவன் எந்த டீமுக்குப் போனானோ அத்தப் போடு. நான் ஆளு கூடப் போறேன்.”

என்னால் போக முடியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. என்னை மதிக்காத வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் விருந்துக்குப் போகிற உறவுக்காரி மாதிரி அந்த அரக்குச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆட்டமும் ஒரே காலையில் வந்தால் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் பாதி என் அணி, அடுத்த பாதி அவருடைய ஆள்.

புது அணியில் அந்த ஆளை உட்காரத்தான் வைத்திருந்தார்கள். ஆட்டம் ஒருபக்கம் நடக்கும். வளவனூர்க்காரர் திரையின் ஓரத்தில் பெஞ்சில் ஒரு மொட்டைத் தலை தெரிகிறதா என்று தேடுவார்.

“தோ, ஒக்காந்துருக்கான். தண்ணி குடிக்கிறான் பாரு.”

எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

வளவனூர்க்காரரின் மனைவி எப்போதும் வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருப்பார். மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் நான் முடித்து வெளியே வந்தபோது, பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருடைய சிறுநீரகம் கணவருக்குப் பொருந்துகிறது என்று முடிவு வந்துவிட்டதாம். அனுமதியும் கிடைத்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன்.

“எனக்கு ஒண்ணும் பயம் இல்லீங்க. அவுருதான் வேணாம் வேணாம்னு நாள ஓட்டிக்கினு இருந்தாரு. கரும்பு வெட்டுற நேரத்துல ரெண்டு பேரும் படுத்துக்கினா யாரு பாக்குறதுன்னு. எங்க அண்ணன் வந்து பாத்துக்கறேன்னு சொன்ன பின்னாலதான் சரின்னாரு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லபடியாக நடக்கும் என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். என் கணவரும் பரிசோதனை செய்துகொண்டவர்தான். அவருக்குச் சர்க்கரை இருந்ததால் முடியாது என்றுவிட்டார்கள். அரசாங்கக் காத்திருப்பு வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மாவின் மேல் பொறாமையாக இருந்தது. அவர் கணவர் மேல் இன்னும் அதிகமாக. திண்டிவனம் வந்து இறங்கும்போது அதுவும் களைத்துப்போயிருந்தது.

வளவனூர்க்காரர் சென்னை கிளம்புவதற்கு முந்தின முறை, என் அணியும் அவருடைய ஆளின் அணியும் மோதின. எங்கள் ஊர் மைதானத்தில்தான் ஆட்டம். எங்கள் ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டது. இரண்டாவது பகுதியில் மொட்டைத் தலைக்காரரை இறக்கினார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வளவனூர்க்காரர் பார்ப்பதற்காகத் தலையணையிலிருந்து எழும்ப, கையை அசைக்காதீர்கள் என்று நர்ஸ் அதட்டினார்.

அன்று எங்கள் பையன்கள் தோற்க வேண்டியவர்கள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. விழுந்து புரண்டு ஓடினார்கள். தவறவிட்ட பந்தை எல்லாம் திரும்பப் பறித்தார்கள். கடைசிப் பகுதி தொடங்கும்போது பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நான் குரல் கொடுத்ததும் நர்ஸ் வந்து கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, மெஷினில் எதையோ குறைத்து, சலைன் ஓடவிட்டார். என்னால் எழுந்து போக முடியாது. ஒரு கண்ணால் அவரையும் ஒரு கண்ணால் போனையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் மூடிய கண்களோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் அணி ஜெயித்துவிட்டது.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு ஒரு வெற்றி. பையன்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஜெயித்ததால் அடுத்த வருடத்து நல்ல ஆட்டக்காரன் கைவிட்டுப் போகலாம் என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. அந்தக் கணக்கு போடுகிறவளாக நானும் ஆகிவிட்டேனே என்று அலுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். நிறம் திரும்பியிருந்தது. முதலில் தன் ஆளைப் பற்றித்தான் கேட்டார்.

“போட்டானா?”

“போடலண்ணே. ரெண்டு பந்து அழகா எடுத்துக் குடுத்தாரு.” அது உண்மை.

“யாரு கெலிச்சது?”

“எங்க பசங்க.”

“போவட்டும்” என்றார். “நீயும் ரொம்ப நாளா தோத்துக்கினு கெடந்த.”

அவர் சென்னைக்குப் போன பிறகு அவருடைய கட்டிலுக்கு ஒரு வாத்தியாரம்மா வந்தார். மெஷின் ஓடத் தொடங்கியதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிவிடுவார். நான் புது இயர்போன் வாங்கிக்கொண்டேன். என் அணி மறுபடியும் வரிசையாகத் தோற்றது. சில காலைகளில் போனைத் திறக்காமலேயே படுத்திருந்தேன். ஆனால் பாதி ஆட்டம் போயிருக்கும் நேரத்தில் கை தானாகப் போய்த் திறந்துவிடும்.

ஏப்ரலில் இந்த வருடத்துக் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வளவனூர்க்காரரின் மனைவி. சென்னையில் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குத்தான் தையல் போட்ட இடம் இருமினால் வலிக்கிறது. கணவர் பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிப் போனைக் கொடுத்தார். அவருடைய குரல் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.

“மூத்திரம் வருதும்மா” என்றார். “நல்லா வருது. டாக்டரு தண்ணி குடி தண்ணி குடின்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் வாத்தியாரம்மா அசைந்தார். சந்தோஷம்ணே என்றேன். இப்போது பொறாமை இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அதோடுகூட அவர் குரலைக் கேட்பது நன்றாகவும் இருந்தது.

ஆட்டம் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்றேன். எப்படி என்று சொல்லச் சொன்னார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குறைத்து வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். யார் பந்தை எடுத்தான், யாரிடம் கொடுத்தான், எங்கே விட்டான். அவருடைய ஆள் ஆடுவதையே நிறுத்தப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நடுவில் அவருடைய மனைவி போனை வாங்கி, அவரைப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறோம் என்றார்.

பின்னால் அவர் குரல் கேட்டது. “அடுத்த ஆட்டம் எப்பன்னு கேளு.”

“அக்டோபர்லதான்னு சொல்லுங்கக்கா” என்றேன்.

நர்ஸ் வந்து ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எடை பார்த்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் முகத்தில் அடித்தது, திரையைத் தேடினேன், அந்த ஜன்னலுக்குத் திரை இல்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். திண்டிவனத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் இருக்கையைத் தட்டி எழுப்பினார்.