பொழுது சாய்ந்தால் நிற்கும் மோட்டார்

கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, வெங்காயக் காடு என்று எங்கே சோலார் மோட்டார் மாட்டப் போனாலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "ராத்திரியில ஓடுமுங்களா?" ஏதோ நானே சூரியனை அணைத்தவன் மாதிரி, ஓடாது என்று சொல்லும்போது என் குரல் இறங்கிவிடும்.

சேவூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்து அக்கா மட்டும் அதைக் கேட்கவேயில்லை. மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட்டு நானாகவே சொன்னேன்: "பொழுது சாஞ்சா நின்னுருமுங்கக்கா. அது ஒண்ணுதான் குறை."

"அதுக்காகத்தானுங்க வாங்குனேன்," என்றார். "தோட்டத்துக்குக் கரண்டு எங்களுக்கு ராத்திரியிலதான் வரும். மோட்டார் போடப் போன எங்க ஊட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சுங்க. விடிஞ்சுதான் பாத்தோம்."

நான் சாமான்களைக் கட்டி வண்டியில் ஏற்றுவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் மெலிந்து மெலிந்து, மோட்டார் தானாக நின்றது. அக்கா வாழைக்குள் போகும் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுருச்சுங்க," என்றார் மெதுவாக. "இது இருந்திருந்தா, இந்நேரம் ஊட்டுக்கு வந்திருப்பாரு."

இப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஓடாது என்றுதான் சொல்கிறேன். குறை என்று மட்டும் சொல்ல வாய் வருவதில்லை.