எந்த கம்யூனிட்டிங்க?

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழியாக இருந்தவள் ரஹீமா. கணவர் இறந்து நான்கு வருடமாகிறது, மகன் துபாயில். தை பிறந்ததும் போன் செய்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ் செல்வியும் அவளும் பட்டுக்கோட்டையில் ஒரே வீட்டில் இருக்கிறார்களாம். “கம்யூனிட்டி லிவிங்டி. வந்து பாரு, பிடிச்சா இரு” என்றாள். சென்னையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். போய்ச் சேரும் நாள் மாலைக்கே திரும்பும் டிக்கெட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலை 5.30க்கு ரயில் தஞ்சாவூர் சேர்ந்தது. 6.40 பேருந்து. ஏறத்தாழ 48 கிலோமீட்டர். ஒரத்தநாடு வரை அறுவடை இயந்திரங்கள் வழியை அடைத்துக்கொண்டு போனதால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் தென்னந்தோப்புகள்.

ஆட்டோக்காரரிடம் முகவரியைக் காட்டினேன். முதியோர் இல்லமா என்றார். இல்லை, கம்யூனிட்டி லிவிங் என்றேன்.

“எந்த கம்யூனிட்டிங்க?”

கெட்ட எண்ணமில்லாமல்தான் கேட்டார். ஒன்றாக வாழ்பவர்கள் என்று முப்பது வருடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்த ஆங்கில ஆசிரியை நான். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அதே சொல்லுக்கு எதிரே பிள்ளைகளின் சாதியை எழுதியதும் இதே கைதான். அவரே முகவரியை மறுபடி படித்துவிட்டு ஐம்பது ரூபாய்க்குக் கொண்டுபோய் விட்டார்.

ரஹீமாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதே கேள்வியில்தான் ஏழு வீடு கைவிட்டுப் போனதாம். ஒருவர் இவளுக்குத் தர மறுத்தார், இன்னொருவர் செல்விக்கு. எட்டாவது வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

ஐப்பசியில் செல்வி வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட ரஹீமாதான் இருந்தாள்.

“என்ன உறவுன்னு ஃபார்ம்ல கேட்டிருந்துச்சு. ஒரே வீடுன்னு எழுதுனேன். ஆஸ்பத்திரி கவுன்டர்ல இருந்தம்மா அதைப் படிச்சுட்டு சீல் வச்சுட்டாங்க.”

சொல்லிக்கொண்டே செல்வியின் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். செல்வி கண்ணை மூடியிருந்தார். என் தலையை யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன்.

நான் இருப்பேனா, போவேனா என்று இருவரும் கேட்கவில்லை. உலை வைக்கும்போது செல்வி மட்டும், “உங்களுக்கு சாதம் குழைவா வேணுமாக்கா, உதிரியா?” என்றார்.

குழைவாக என்றேன். மாலை டிக்கெட்டை ரத்து செய்தேன்.

போகிறவர்களுக்கு: தையில் போனால் அறுவடை வண்டிகளுக்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தோழி கூப்பிட்டுப் போவதென்றால் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள். சென்னை வீட்டுக்காரரிடம் மாசியோடு காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.