அக்கா வீட்டு பஸ் சீட்டு

என் அக்கா வீட்டுக் கூடத்தில் சோபா கிடையாது. இரண்டு பஸ் சீட்டுகள்தான். அவையும் எதிரெதிராக இல்லை; பஸ்ஸில் இருப்பது போலவே ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. அக்கா முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால், வந்தவர்கள் அவள் பிடரியோடுதான் பேசிவிட்டுப் போக வேண்டும்.

அக்கா பஸ் டெப்போவில் சீட்டு தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். கிழிந்ததைப் பிரித்து, பஞ்சு மாற்றி, ரெக்சின் போர்த்தித் தைப்பாள். உடைக்கப் போன ஒரு பஸ்ஸிலிருந்து இந்த இரண்டையும் விலைக்கு வாங்கி வந்து, பச்சை ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டுப் புதிதாக்கினாள். தரையிலும் சுவரிலும் துளை போட்டு போல்ட் முடுக்கியவன் நான். குழாய் வேலைக்குப் போகிறவன், என்னைவிட மலிவான ஆள் அவளுக்கு எங்கே கிடைப்பான்? அவள் கை காட்டிய இடத்தில் போட்டேன். சிமென்ட் இறுகிய பிறகுதான் மச்சான் வேலையிலிருந்து வந்து பார்த்தார்.

"எல்லாம் சரி, டிக்கெட் யாரு குடுப்பா?" என்றார்.

அக்கா முகம் சிவந்துவிட்டது. நாள் முழுக்க பஸ்ஸுக்குள் நின்று வேலை செய்கிறவளுக்கு, சீட்டை வேறு மாதிரி போடலாம் என்றே தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தப்பை ஒப்புக்கொள்கிற ஆளா அவள்? "சீட்டுன்னா முன்னாடி பாத்துத்தான் இருக்கும்," என்றாள். மறுவாரமே முன் சீட்டின் முதுகில் ஒரு பை தைத்து வைத்தாள். கண்ணாடி, சீப்பு, டிவி ரிமோட் எல்லாம் அதற்குள் போயின. என்னவோ முதலிலிருந்தே அப்படித்தான் திட்டம் போட்டவள் மாதிரி நடந்துகொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து சொன்னோம். மச்சான் தன் வேலை போனதை அங்கேதான் சொன்னார். அவர் இப்போது இல்லை. அக்கா மகன், என் மருமகன், பரீட்சையில் தோற்றதையும், பிறகு ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதையும் அங்கேதான் சொன்னான். நானும் என் கல்யாணப் பேச்சை அங்கே உட்கார்ந்துதான் எடுத்தேன். அக்கா திரும்பிப் பார்க்க மாட்டாள். "ம்" என்பாள், அவ்வளவுதான். சொல்கிறவன் கை சும்மா இருக்காது, அந்தப் பையின் விளிம்பை நோண்டிக்கொண்டே இருக்கும். பச்சை தேய்ந்துபோய், அக்கா அங்கே பழுப்பு ரெக்சினில் ஒட்டுப் போட்டாள். அதையும் நோண்டினோம்.

இந்த வருஷம் வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மருமகன் வேறு வீடு பார்த்தான். மாடி வீடு, பளபளவென்று தரை. அந்த வீட்டுக்காரரோ கறாரான ஆள். தரையிலும் சுவரிலும் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்றார். பஸ் சீட்டுக்கு ஒரு பக்கம்தான் கால் உண்டு, மறுபக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். துளை இல்லையென்றால் சாய்ந்து விழுந்துவிடும்.

"விட்டுடும்மா. நல்லதா ஒரு சோபா வாங்கலாம்," என்றான் மருமகன்.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்னைப் பார்த்து, "இன்னொரு பக்கத்துக்கு இரும்புக் குழாய்ல கால் வெச்சுக் குடு. தடியா ஒரு பலகை வாங்கி, ரெண்டையும் அதுமேல முடுக்கிடலாம். பலகை தரைமேல கெடக்கும். எவன் என்ன சொல்லுவான்?" என்றாள்.

"படியில எப்படிக்கா ஏத்துறது?"

"பஸ்ஸையே ஏத்தச் சொல்லலையே."

வீடு மாறும் நாள் காலையில் நான் ஸ்பேனரோடு போனேன். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மருமகன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான். பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டானாம். வண்டி கிளம்பிவிட்டதாம்.

"அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க மாமா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வரச் சொன்னது நீ. நீயே சொல்லு."

அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளர்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மருமகன் அவள் எதிரே போய் நின்றான். வாயைத் திறந்தான். வார்த்தையை மென்று விழுங்கினான். ஜன்னல் பக்கம் போனான், திரும்பி வந்தான். கடைசியில் பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். கை தானாகப் பையின் விளிம்புக்குப் போனது.

"அம்மா."

"ம்."

"இதுக்கு ஆள் வரச் சொல்லிட்டேன்மா. எடைக்குப் போடலாம்னு. புது வீட்டுல இது சரிப்படாதும்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா திரும்பவில்லை. கையிலிருந்த டம்ளரைச் சுற்றி முடித்து அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். நான் போல்ட்டுகளிடம் திரும்பி வந்து குனிந்துகொண்டேன்.

"சரி," என்றாள். "இதச் சொல்றதுக்கு நீ எங்க வந்து உக்காந்திருக்க?"

அவன் கை நின்றது. குனிந்து தன் விரலைப் பார்த்தான். பழுப்பு ஒட்டின் நூல் ஒன்று நகத்தில் சிக்கியிருந்தது. அதை மெல்ல விடுவித்து, ஒட்டுக்குள் அழுத்தித் தடவினான். அக்கா அடுத்த டம்ளரை எடுத்தாள். பிறகு அவன் எழுந்து வாசலுக்குப் போய் போனில் பேசினான். வர வேண்டாம் என்று அவன் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.

திரும்பி வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என் பக்கத்தில் மண்டியிட்டான். "ஸ்பேனரக் குடுங்க மாமா. பலகை எவ்வளவு நீளம் வாங்கணும்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் சேத்து ஒரே பலகையா வாங்கு," என்றாள். "நடுவுல இப்ப இருக்கிற எடவெளி அப்படியே இருக்கணும். கிட்டத் தள்ளினா பின்னாடி உக்கார்றவனுக்கு முட்டி இடிக்கும்."