சலீம் அண்ணன் டிஸ்க் மாற்றிய வெள்ளை வண்டி

சலீம் அண்ணனைக் கொன்றது எங்கள் ரிசார்ட் முதலாளி.

நேற்றுக் காலை அண்ணன் சேலம் ஸ்டேஷனுக்கு கெஸ்ட்டைக் கூப்பிடப் போனார். குப்பனூர் ரோட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் விடாமல் மலைப் பக்கமாகச் சாய்த்து மோதியிருக்கிறார். வண்டியில் அவர் மட்டும்தான்... ஸ்பாட்டிலேயே போய்விட்டார்.

அவர் அந்த ரிசார்ட் டிரைவர். நான் அங்கே ஃப்ரன்ட் ஆபீஸ். வெள்ளை வண்டி ஒன்று, சாம்பல் வண்டி ஒன்று, இரண்டையும் அவர்தான் ஓட்டுவார்.

ஏற்காட்டு டிரைவர் யாராக இருந்தாலும், பிரேக் சூடாகாமல் இருக்க, இறக்கத்தில் கியரில்தான் இறங்குவார். எங்கள் முதலாளிக்கு டீசல் மிச்சமாகணும், நியூட்ரலில் விடு என்பார். சலீம் அண்ணனும் விட்டார். மூணு பிள்ளைகள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது நானும் அவர் வண்டியில் மலை இறங்கியிருக்கிறேன். அடிவாரத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டுவார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "நொம்ப வேகுது கண்ணு" என்பார்.

இரண்டு வண்டிக்கும் பின்பக்க பிரேக் டிஸ்க் தேய்ந்து தகடாகிவிட்டது. மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசும். போய்ச் சொன்னார்.

"சத்தம்தானே வருது? பாட்டு போட்டுக்கோ."

இது முதலாளி சொன்ன பதில். நான் அப்போது கவுன்டரில் இருந்தேன்.

வெள்ளை வண்டி கிளியூரில் சலீம் அண்ணன் வீட்டு வாசலில்தான் நிற்கும். சொந்தக் காசில் ஒரு ஜோடி டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கி வந்து, லீவு நாளில் அவரே மாற்ற உட்கார்ந்துவிட்டார். ஆள் வேணும் என்று என்னைக் கூப்பிட்டார்.

முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ஜாக்கி போட்டோம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் கழன்றது. டிஸ்க் வரவில்லை. இந்த ஊர் மஞ்சுக்குத் துரு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டத் தட்ட நாய்கள் எல்லாம் குரைத்தன.

அவர் மனைவி மும்தாஜ் அக்கா வெளியே வந்தார். "என்ற ஊட்டுக் குழாய் ஒரு வருசமா ஒழுகுது, அதுக்குக் கை வராது. மொதலாளி வண்டின்னா மருதாணி கூட வெச்சு வுடுவாரு."

"மலையில எறங்கறது மொதலாளியா, உன்ற புருசனா?"

"அதைப் போயி அவருகிட்டக் கேளுங்க!"

புது டிஸ்க்கில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துக் கொடுத்தது நான். பின்பக்க பிஸ்டனை நேராக அமுக்கினால் உள்ளே போகாது, திருகிக்கொண்டே அமுக்கணும். அதில் இரண்டு பேருக்கும் கை கன்றிப்போனது. எல்லாம் மாட்டிய பிறகு என்னை சீட்டில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார்.

முதல் மிதி அப்படியே தரைக்குப் போனது. "அண்ணா, பிரேக்கே இல்ல!" என்று கத்தினேன்.

"மிதி கண்ணு, மிதி. ஏறி வரும்."

வந்தது. சாயங்காலம் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வளைவில் சத்தமே இல்லாமல் நின்றது வண்டி. அக்கா எங்களுக்கு டீ கொடுத்தார், அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். கோபமாம்...

அடுத்த வாரம் முதலாளி அதை ஒரு ரவுண்டு ஓட்டினார். "இது நல்லா நிக்குதே... எங்க பாப்பா காலேஜ் போக இது இருக்கட்டும். நீ அதை எடு" என்றார்.

அது என்றால் சாம்பல் வண்டி.

"அதுக்கும் டிஸ்க் போட்டுருங்க சார்."

"பாக்கலாம்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை சலீம் அண்ணன் மேல்தான் காட்டினேன். "சாவியைத் தூக்கிப் போட்டுட்டு வாங்கண்ணா. உங்க பிள்ளைங்களுக்கு நீங்க வேணாமா?"

சிரித்தார். "ஏனுங்க மேடம், காலையிலயே சாபமா? படிக்கிற புள்ள போற வண்டி. நல்லதா இருக்கட்டும் வுடு."

நேற்று மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். ரிசார்ட் பேஜுக்கு அஞ்சலி போஸ்டர் போடணுமாம், 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று. கூடவே இன்னொன்றும் சொன்னார். யார் கேட்டாலும் டிரைவர் ஓவர் ஸ்பீடு என்று சொல்லணுமாம். கெஸ்ட் வரும் நேரம், பேர் கெட்டுவிடக் கூடாதாம்.

சலீம் அண்ணன் பேர் கெடலாம். அவர் பிள்ளைகள் 'உங்கப்பன் ஸ்பீடா போய்ச் செத்தான்' என்று கேட்டுக்கொண்டே வளரலாம்.

போஸ்டர் போடவில்லை. இதைப் போடுகிறேன். என் வேலை போகும், தெரியும்.

இன்று அடக்கம் முடிந்தது. பெண்கள் அங்கே போக முடியாது என்பதால் வீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போயிட்டு வாங்கண்ணா.

முதலாளி சார், சாம்பல் வண்டி இன்னும் அந்த இறக்கத்தில்தான் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. கிரேன் வருவதற்கு முன்னால் அதன் பின் சக்கரங்களை எல்லார் கண் முன்னாலும் கழற்றிக் காட்டுங்கள்.

காலையிலேயே இதே வேண்டுகோளை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டீர்கள்.

கழற்றிக் காட்டுங்கள் சார்.