பித்தளைக் கீலும் நான்கு இரும்பு போல்ட்டும்

எங்கள் பாய்ப்படகுக்கு என்னைவிட வயது அதிகம். நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டாக வாங்கியது. பினாங்குக் கரையில் அரிசி, மிளகாய், மண்ணெண்ணெய் என்று கிடைத்ததை ஏற்றி அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறக்குவோம். பாய் என் பொறுப்பு, சுக்கான் மச்சான் பொறுப்பு. அந்தக் கரையில் அவரைப் போலச் சுக்கான் பிடிக்க வேறு ஆள் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

நீராவி லாஞ்சுகள் வந்து எங்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போன காலம் அது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் படகும் போனால் இரண்டு குடும்பமும் தெருவில்தான். எங்கள் சுக்கானோ கயிற்றால் கட்டியது. ஆடும், இழுபடும், படகைத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். அதற்குக் கீல் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கெடுமதி கண்ணுக்குத் தெரியாது என்பார்களே, அது என் விஷயத்தில் சரியாக இருந்தது.

பழைய இரும்புக் கடையில், உடைத்த கப்பலிலிருந்து கழற்றிய கனமான பித்தளைக் கீல் ஒரு ஜோடி கிடைத்தது. பித்தளைக்குப் பித்தளை போல்ட்டுதான் போட வேண்டும் என்றார் கடைக்காரச் சீனர். அவரிடம் அது இல்லை. வீட்டில் கிடக்கும் இரும்பு போல்ட்டைப் போடுகிறேன் என்றேன். “பெசி தக் போலே லா” என்று தலையை ஆட்டினார். இரும்பு ஆகாதாம். விற்கிறவன் நாலும் சொல்வான் என்று நடையைக் கட்டினேன்.

மச்சானுக்கும் மனமில்லை.

“மாப்ளே, படகு வேல தெரிஞ்ச துக்காங்கிட்ட குடுத்துடலாமே. நமக்கு எதுக்கு இந்த வேல?”

“துக்காங்குக்கு மட்டும் என்ன நாலு கையா மச்சான்? நான் போடுறேன், பாருங்க.”

நீர் வற்றும் நேரம் பார்த்துப் படகைச் சேற்றில் சாய்த்து, முழங்கால் வரை புதைந்து நின்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். முதல் துளை கோணலாக விழுந்தது. அதைச் சரிசெய்யப் போய் அடுத்தது பெரிதாகிவிட்டது. இடுக்கில் குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்து அடைத்தேன். நான்கு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். சுக்கானை மாட்டியதும் மச்சான் ஒற்றை விரலால் அசைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அல்வா மாதிரி வழுக்குது மாப்ளே!”

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கால் புரியவில்லை. வியாழக்கிழமைதோறும் என் மனைவி மறுநாள் பூசைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாள். மிச்சப் புளியை நான் எடுத்துக்கொண்டு போய்க் கீலைத் தேய்ப்பேன். பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். “என்னண்ணே, படகுக்குக் கல்யாணமா?” என்று பக்கத்துப் படகுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். உப்புத் தண்ணீரில் பித்தளையோடு ஒட்டிக் கிடக்கும் இரும்பு தானாகவே அரித்துக் கரையும் என்பது பிறகுதான் தெரிந்தது. நானோ வாரம் தவறாமல் அதற்குப் புளித்தண்ணீரும் வார்த்தேன். வெளியே தகதகவென்று இருந்ததால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு பிற்பகல், அரிசி மூட்டைகளோடு பாதித் தூரம் போயிருந்தோம். மேற்கே வானம் கறுத்துச் சுமத்ராக் காற்று வந்து அறைந்தது. நான் பாயை இறக்கினேன், மச்சான் சுக்கானைச் சட்டென்று முழுக்கத் திருப்பினார். மடக்கென்று ஒரு சத்தம். சுக்கான் படகை விட்டுக் கழன்று அலையில் போயிற்று. படகு குறுக்கே சுழன்று, நங்கூரமிட்டிருந்த தொங்காங் என்னும் பெரிய சரக்குப் படகு ஒன்றில் மோதிப் பிளந்தது. தொங்காங்காரர்கள் கயிறு வீசி எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்கள்.

கரைக்கு வந்ததும் மச்சான் ஈரத்துணியோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாலதான் மாப்ளே. காத்தப் பார்த்துப் பயந்து ஒரேயடியா இழுத்துட்டேன். பதமா திருப்பியிருக்கணும்.”

மறுநாள் காலை நீர் வற்றியதும் நான் மட்டும் போனேன். உடைந்த பின்பகுதி சேற்றில் ஒதுங்கிக் கிடந்தது. மூன்று துளைகளில் வெறும் துருதான் இருந்தது. நான்காவதில் இருந்த போல்ட்டு என் விரலோடு வந்துவிட்டது. ஈர்க்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அதைச் சேற்றில் போட்டுக் காலால் அழுத்தினேன்.

மச்சான் வீட்டில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “விடுங்க மச்சான், நடந்தது நடந்துபோச்சு” என்றுதான் வந்தது. செய்த பாவியாகிய நான் அவரை மன்னித்தேன்!

சுக்கானைப் பிடுங்கியவர் என்று கரையெல்லாம் மச்சானைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு படகில் வேலை கேட்டார். இரண்டிலும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்குத் தேங்காய் உரிக்கப் போனார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கடலில் இருந்திருப்பார். எனக்கு அந்த வார்த்தை கடைசிவரை வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே தின்றேன், தூங்கினேன்.

சில வருடம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் என் தோளில் கை வைத்து, சம்பந்தி வீட்டாரிடம் மச்சான் சொன்னார்:

“எங்க கூட்டுப் படகு என்னாலதான் முழுகிச்சு. இன்னைக்கு வரைக்கும் இவரு ஏன்னு ஒரு கேள்வி கேட்டதில்ல. மனுஷன்னா இவருதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். மச்சான் தன் கையாலேயே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அதையும் குடித்தேன்.